பத்து ஓட்டைகளையும் அடைத்தவன்

என் கையால் இதுவரை எந்த உயிரும் போனதில்லை. நான்கு நாள் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போய், கொடுத்த தோட்டாக்கள் அத்தனையையும் செலவழித்தும், அந்தப் பொட்டல்காட்டில் ஒரு ஓணானுக்குக்கூடக் கீறல் விழவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் ஒரு வருஷம் என் கையால் போயிருக்கிறது. அதுவும் துப்பாக்கியால் இல்லை. ஒட்டுத்தாளால்.

ஐம்பதை நெருங்கும் ஆண்களிடம் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கக் கூடாது: “உங்கள் பொழுதுபோக்கு என்ன?” உண்மையான பதில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்குவது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு மனிதன் வேறு ஏதாவது சொல்லிவிடுகிறான். சிலர் புத்தகம் என்கிறார்கள், சிலர் நடைப்பயிற்சி என்கிறார்கள். நான் துப்பாக்கி என்று சொன்னேன்.

நான் சொன்னது லார்ஸிடம். லார்ஸ் எங்கள் பையர், அதாவது எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு வியாபாரி. டென்மார்க்காரர், ஆறே கால் அடி, ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். எங்களுடையது திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி, குழந்தைகளுக்கான டீ-ஷர்ட். மெஷின்களில் பாதிக்கு மேல் அவருடைய ஆர்டரை நம்பித்தான் ஓடின.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். துணியை மட்டும் இல்லை, ஒரு தடவை எங்கள் வீட்டில் போட்ட ரவா தோசையையும் அப்படிப் பார்த்தார். (அதில் ஓட்டை இருப்பதுதான் தரம் என்று புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.)

போன சீசனில் அப்படித்தான் மூன்று டீ-ஷர்ட்டுகளை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மூன்றிலும் கடுகளவு ஒரு நிழல் தெரிந்தது. ஓட்டை விழுந்து, ஊசியால் அடைக்கப்பட்ட பீஸ்கள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முதலாளியாகப் பிறந்தவன் இல்லை. பதினெட்டு வயதில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவன். பின்னல் துணியில் ஒரு ஊசி வழுக்கினால் போதும், கண்ணி அறுந்து ஓட்டை விழுந்துவிடும். முறைப்படி அந்தப் பீஸைத் தள்ளிவிட வேண்டும். முறைப்படி நடப்பதற்கு யாருக்கு மனசு வரும்? அறுந்த கண்ணியை ஊசிமுனையில் பிடித்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, உள்பக்கமும் ஒரு இழை விட்டு மூடினால், பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அந்த வேலையில் எனக்கு நிகர் எங்கள் வீதியிலேயே யாரும் கிடையாது. நான் அடைத்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் உலகத்தில் ஒரே ஒருத்திதான். எதிர் டேபிளில் உட்கார்ந்திருந்த சுமதி. ஒவ்வொரு தடவையும் பீஸை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, “இது உங்க கைங்க” என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். (காதல் பாதி, பாதுகாப்பு பாதி.)

லார்ஸ் அந்த மூன்று பீஸையும் என் மேஜையில் வைத்து, “இது உங்கள் கம்பெனியில் பழக்கமா?” என்றார்.

நான் நெஞ்சில் கையை வைத்து, “எங்களிடம் ஓட்டையை மறைக்கும் பழக்கமே கிடையாது. கண்டால் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவோம்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். “இன்னொரு முறை பார்த்தால், முடிந்தது” என்றார்.

பேச்சை மாற்றியாக வேண்டும். மேஜைமேல் கிடந்த அவருடைய போனில் ஒரு படம்: பனிக்காட்டில் அவர் துப்பாக்கியோடு படுத்திருக்கிறார். “சுடுவீர்களா?” என்று கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. “நீங்கள்?” என்றார். நானும் சுடுவேன் என்றேன். எவ்வளவு தூரம் என்றார். ரொம்ப தூரம் என்றேன். (அதற்கு முன் நான் சுட்டது தேர்த்திருவிழா பலூன். ஆறு குண்டுக்கு ஒரு பலூன், அதுவும் வெயிலில் தானாக வெடித்தது என்று கடைக்காரர் சாதித்தார்.)

“அடுத்த முறை வரும்போது உங்கள் மைதானத்துக்குப் போவோம்” என்று கைகொடுத்துவிட்டு லார்ஸ் விமானம் ஏறினார்.

இப்படித்தான் நான் ஒரு ரைபிள் கிளப்பின் தொலைதூரக் குறிபார்க்கும் பயிற்சியில் சேர்ந்தேன். நான்கு நாள். அவிநாசிபாளையம் தாண்டி, தாராபுரம் போகிற வழியில், காற்றாலைகள் சுற்றும் மேட்டுக்காடு ஒன்றில் மைதானம். மொத்தம் ஆறு பேர். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர், தூத்துக்குடிப் பக்கம். வயது அறுபதுக்கு மேல், ஒரு முழங்கால் மடங்காது, குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

முதல் நாள் துப்பாக்கியே தரவில்லை. பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார். என் வயிறு தரையைத் தொட்டதும் தலையும் காலும் அந்தரத்தில் நின்றன. படகு மாதிரி முன்னும் பின்னும் ஆடினேன்.

“என்ன வே, நீச்சலா அடிக்கீரு?” என்றார் சுபேதார்.

இரண்டாம் நாள் நூறு மீட்டர். நடுவில் கருப்பு வட்டமும் வளையக்கோடுகளும் போட்ட குறி அட்டைக்குப் பின்னால் பெரிய மண்மேடு ஒன்று உண்டு. முதல் பத்துத் தோட்டாவில் அட்டையில் ஒன்றும் இல்லை. சுபேதார் தொலைநோக்கியில் ரொம்ப நேரம் தேடினார்.

“மண்மேட்டையா குறி வச்சீரு?”

“இல்லீங்க, அட்டையத்தானுங்க.”

“மண்மேட்டுலயும் படலையே வே!”

எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண் சிரிப்பை அடக்கத் துப்பாக்கிக் கட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் நஸ்ரின். கல்லூரி மாணவி. அவளுடைய அத்தா உமர் பாய் பனியன் கட்டிங் வேஸ்ட் வியாபாரி, எங்கள் கம்பெனி வேஸ்டையும் அவர்தான் எடுப்பார். தினமும் மகளைத் தன் டெம்போவில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வரை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு அது விளையாட்டு. நஸ்ரினுக்கு மட்டும் அப்படி இல்லை. கிளப்பில் நல்ல துப்பாக்கி ஒன்றே ஒன்று இருந்தது. நான்காம் நாள் முந்நூறு மீட்டரில் பத்துத் தோட்டா, நூறு மார்க். அதில் முதலாவதாக வருகிறவருக்கு அந்தத் துப்பாக்கி ஒரு வருஷத்துக்கு. அதோடு மாநிலப் போட்டிக்குப் போகலாம். மற்றவர்கள் சொந்தமாக வாங்கிக்கொள்ளக் கூடியவர்கள். அவளால் முடியாது. ஜூனியர் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். இதையெல்லாம் உமர் பாய் என்னிடம் இரண்டாம் நாளே சொல்லியிருந்தார். ஆக, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை.

மூன்றாம் நாள் முந்நூறு மீட்டர் ஒத்திகை. அவ்வளவு தூரத்துக்கு அட்டையைப் பார்த்துவிட்டு வர நடந்து கட்டுப்படியாகாது. அதற்காக அட்டைக்குக் கீழே ஆளுயரத்துக்கு ஒரு குழி. குழிக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டு கயிற்றை இழுத்தால் அட்டை மேலே ஏறும். தோட்டா தலைக்குமேல் போகும். பிறகு அட்டையை இறக்கி, ஓட்டையைக் குறித்துக்கொண்டு, கருப்பிலோ வெள்ளையிலோ ஒரு சின்னச் சதுர ஒட்டுத்தாளை நாக்கில் நனைத்து ஒட்டி அடைத்து மறுபடி ஏற்ற வேண்டும். அட்டையை மாட்டும் சட்டம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஒருத்தர் சுடுவார், அவருடைய ஜோடி குழியில் நிற்பார்.

என்னை நஸ்ரினுக்கு ஜோடியாகப் போட்டார் சுபேதார். “நீரு குழிக்குள்ள இருந்தாத்தான் வெளிய இருக்கவங்களுக்கு நல்லது” என்று காரணமும் சொன்னார்.

குழிக்குள் இறங்கினேன். தோட்டா தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் மனிதனுக்கு ஆண்டவன் பெயர்கள் எல்லா மதத்திலும் ஞாபகம் வரும். ஆனால் அட்டை இறங்கி என் முன்னால் நின்றதும் பயம் போய்விட்டது. என் கண்ணெதிரே ஒரு ஓட்டை. என் கையில் அடைப்பதற்குத் தாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு பிறந்த ஊருக்குத் திரும்பியவன் மாதிரி ஆகிவிட்டேன்.

சும்மா ஒட்டினேனா? கருப்பில் கருப்பு, வெள்ளையில் வெள்ளை என்று மூலைக்கு மூலை பிசகாமல் வைத்தேன். அட்டையிலுள்ள வளையக்கோடு ஒட்டுத்தாளுக்கு அடியில் மறைந்தால், சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து அந்தக் கோட்டை மேலே இழுத்துவிட்டேன். கருப்புக்கு வெள்ளைப் பேனா. (செக்கிங்காரன் பையில் இரண்டும் இருக்கும்.) பின்பக்கமும் ஒன்று ஒட்டினேன். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். பையர் பார்ப்பார், அந்தப் பயத்தில் வளர்ந்த கை.

சாயங்காலம் சுபேதார் அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருபத்தஞ்சு வருசம் பட்டாளத்துல குப்பை கொட்டியிருக்கேன். இப்படி ஒட்டுன ஆளை நான் பாத்ததில்ல வே” என்றார். நான்கு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அன்று வீட்டுக்குப் போய்ச் சுமதியிடம் மூன்று தடவை சொன்னேன்.

நான்காம் நாள் காலையில் சுபேதார் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: “இன்னைக்குப் பரீட்சை. பத்தும் சுட்டு முடிஞ்சு விசில் அடிச்சதும் அட்டைய இறக்கணும். அவ்வளவுதான். ஒருத்தரும் கை வைக்கப்படாது. நான் வந்துதான் மார்க் போடுவேன்.” எல்லாருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது.

என்னுடைய பத்தை முதலில் சுட்டேன். அட்டையில் இரண்டு பட்டிருந்தது. அது எப்படி என்று சுபேதாருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஒரு பல் டாக்டர் நன்றாகச் சுட்டு எண்பத்தெட்டு வாங்கினார். கடைசி ஆள் நஸ்ரின். நான் குழிக்குள் இறங்கினேன்.

பத்துத் தோட்டா. நிறுத்தி நிறுத்தி, அவசரமே இல்லாமல். விசில் அடித்தது. அட்டையை இறக்கினேன். பத்தும் கருப்புக்குள் இருந்தன. நடுவில் ஒரு உள்ளங்கையால் மூடிவிடுகிற அளவுக்குள் முக்கால்வாசி. அழகு என்று வாய்விட்டே சொன்னேன். அந்த நேரத்தில் போன் அடித்தது.

“ஏனுங்க,” என்றாள் சுமதி, “உங்க லார்ஸு வந்துட்டாருங்க.”

“அடுத்த வாரமில்ல வர்றதாச் சொன்னாரு!”

“இப்ப எம் பக்கத்துல நிக்கறாருங்க. நீங்க துப்பாக்கி சுடப் போயிருக்கீங்கன்னு சொன்னதும் உடனே பாக்கோணும்னுட்டாரு. மைதானத்துக்கே கூட்டிட்டு வந்துட்டேன். எங்கன்னு கேட்டா குழிக்குள்ளன்னு சொல்றாங்க. எதுக்குங்க குழிக்குள்ள இருக்கீங்க?”

“அதை விடு. இங்கிருந்து நேரா கம்பெனிக்குத்தான் வருவாரா?”

“ஆமாங்க.”

“மூணாவது டேபிள்ல ஒரு அடுக்கு இருக்குது பாரு, ஓட்டை அடைச்ச பீஸ். அதை உடனே எடுத்து உள்ரூமுல வெக்கச் சொல்லு.”

“எத்தனை தடவைங்க சொல்றது அதைப் பண்ணாதீங்கன்னு? மறுபடியும் நீங்களே உக்காந்து அடைச்சீங்களா?”

“சுமதி, இப்ப அதைப் பேசற நேரமா? உள்ரூமுலயும் வேண்டாம், மாடிக்கு ஏத்தச் சொல்லு. மேல ஒரு துணியப் போட்டு மூடச் சொல்லு.”

இப்படியே பேச்சு நீண்டது. லார்ஸ் முகம் எப்படி இருக்கிறது, சிரித்தாரா, ஜன்னல் பக்கம் போனாரா என்றெல்லாம் கேட்டேன். சுபேதாருக்கு அந்த முழங்காலோடு முந்நூறு மீட்டரைக் கடக்க நேரம் ஆகும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். இரண்டு கையும் சும்மா இருந்தன.

சும்மா இருந்தன என்றுதான் நானும் நினைத்தேன்.

காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் சுபேதார், பின்னால் நஸ்ரின், உமர் பாய், சுமதி, எல்லாருக்கும் மேலே லார்ஸின் தலை. லார்ஸ் என்னைக் குழிக்குள் பார்த்ததும் ராணுவ மரியாதை மாதிரி கையை உயர்த்தினார். நானும் பெருமையோடு அட்டையைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுபேதாரிடம் நீட்டினேன்.

சுபேதார் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். (படிக்கிற கண்ணாடியைச் சுடுகிற இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.) திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“என்ன தாயி இது? ஒண்ணுகூடப் படலையே.”

எனக்கு அப்போதுதான் நாக்கில் பசையின் இனிப்பு தெரிந்தது. குனிந்து பார்த்தேன். வலது கட்டைவிரலில் கருப்பு. காலடியில் காலியான ஒட்டுத்தாள் உறை. சட்டைப்பையில் மூடாமல் செருகிய வெள்ளைப் பேனா.

“இல்லீங்க சார்,” என்றாள் நஸ்ரின். “பத்தும் நல்லா விட்டனுங்க. விடும்போதே தெரியுமுங்க சார்.”

“கானல்ல அப்படித்தான் தாயி தோணும்.” பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீரு சொல்லும் வே. இங்கதான நின்னீரு? தோட்டா எங்க போச்சு?”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஒரே வரி. ‘மறந்து அடைத்துவிட்டேன்.’ ஏழெட்டுப் பேர் சிரித்திருப்பார்கள், சுபேதார் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார், முடிந்திருக்கும். ஆனால் சுபேதாரின் தோளுக்கு மேலே லார்ஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற தாய்க்கே தெரியாதபடி பத்து ஓட்டையைப் பத்தே நிமிஷத்தில் அடைக்கிறவன் நான் என்று அந்த ஒரு வரியில் அவருக்குத் தெரிந்துபோகும்.

“மேல போயிருக்குமுங்க,” என்றேன்.

சுபேதார் தன் நோட்டில் ஒரு பூஜ்யம் போட்டார். நஸ்ரின் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள். அழவில்லை. என்னைச் சந்தேகப்படவும் இல்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அதுதான் ஏமாற்றிவிட்டது என்பது போல. அந்தப் பார்வையை எத்தனை வருஷமானாலும் என்னால் எந்த ஊசியாலும் தைத்து மூட முடியாது.

முந்நூறு மீட்டர் திரும்பி நடந்தோம். அட்டையைச் சுருட்டி என் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். கொளுத்திவிடலாம் என்றுதான் எண்ணம். கொஞ்சம் பின்னால் வந்த உமர் பாய் என்னோடு சேர்ந்துகொண்டார். என்னை வைவார் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“ரெண்டு நாளா எம்புள்ளைக்காக வெயில்ல குழிக்குள்ள நின்னிருக்கீங்க. அவளுக்கு வாய்க்கலை, அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?” என்று சொல்லி, தூக்குப்போசியைத் திறந்து நீட்டினார். சமோசா. மகள் ஜெயித்தால் எல்லாருக்கும் கொடுப்பதற்காகச் செய்து கொண்டுவந்தது.

ஒன்று எடுத்துக்கொண்டேன். பிறகு இன்னொன்று. (அந்த நிலைமையிலும் சமோசா ருசியாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்வது என்று ஆரம்பித்த பிறகு இதை மட்டும் ஏன் விட வேண்டும்?)

வேப்பமரத்தடிக்கு வந்தோம். நஸ்ரின் தன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் சங்கடத்தோடு துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருந்தார். லார்ஸ் என் கக்கத்தைக் காட்டி, “அதை எனக்கு ஞாபகார்த்தமாகக் கொடுங்கள்” என்றார்.

“அது எதுக்குங்க, வெறும் காகிதம்” என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று விதமாகச் சொன்னேன்.

“உங்களிடமிருந்து எனக்கு வரும் முதல் ஓட்டையில்லாத பீஸ்,” என்று சிரித்தார். நான் பார்த்து அவர் அடித்த ஒரே ஜோக். என் கக்கத்திலிருந்து அவரே உருவிக்கொண்டார். பிரித்தார். மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அட்டையை அவர் அந்த வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தார். வெளிச்சத்தில் அட்டை முழுக்கத் தேன் நிறமாகத் தெரிய, நடுக் கருப்புக்குள் இன்னும் அடர்த்தியாக, சின்னச் சின்னச் சதுரங்கள். மூலை பிசகாமல். வாய்க்குள்ளேயே எண்ணினார். பத்து. அட்டையைச் சுமதியிடம் கொடுத்தார்.

சுமதி வெளிச்சத்துக்குப் பிடிக்கவே இல்லை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள். எதிர் டேபிளில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய பெண் மாதிரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இது உங்க கைங்க,” என்றாள்.

தூரத்தில் காற்றாலை ஊஷ் ஊஷ் என்று சுற்றியது. சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கி, முதல் சதுரத்தை நகத்தால் உரித்தார். ஒரு ஓட்டை. இரண்டாவதை உரித்தார். ஓட்டை. ஏழு வரைக்கும் ஒழுங்காக வந்தது, அறுபத்தாறு மார்க். எட்டாவதில் ஒட்டுத்தாளோடு அட்டையும் சேர்ந்து கிழிந்தது. ஒன்பதும் பத்தும் அப்படியே. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்.

“கிழிஞ்சதுக்கு மார்க் போட ரூல் இல்ல,” என்றார் சுபேதார். அவர் என்னைத் திட்டவே இல்லை. ‘வே’ கூடப் போடவில்லை. “திரும்பச் சுடு தாயி. வேற வழியில்ல.”

நஸ்ரின் என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க அங்கிள்?”

“கைப் பழக்கம் கண்ணு. போன் பேசிட்டே… எனக்கே தெரியாமப் பண்ணிட்டேன்.”

“கை சரிங்க,” என்றாள். “மேல போயிருக்கும்னு சொன்னது வாய்ங்களே?”

நான் சட்டைப்பையிலிருந்த வெள்ளைப் பேனாவை எடுத்து மூடினேன்.

குழிக்கு யார் போவது என்று பேச்சு வந்தது. அவரவர் தயங்க, நஸ்ரினே சொன்னாள்: “அங்கிளே போவட்டும்ங்க. எம் பத்தும் எங்க படுதுன்னு அவுரு பாக்கோணும். கையை மட்டும் கட்டிப்போடுங்க.”

நான் கேலி என்று நினைத்தேன். உமர் பாய் டெம்போவுக்குப் போய், வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு நீளமான சிவப்பு பனியன் துண்டை உருவிக்கொண்டு வந்தார். என் இரண்டு கையையும் சேர்த்துவைத்துச் சுற்றினார்.

“இறுக்கமா இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“வலிச்சாச் சொல்லுங்க.”

“சரிங்க.”

கட்டும்போதுகூட ‘ங்க’ விடாத ஊர் இது. துணியைப் பார்த்தேன், எங்கள் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட்தான்.

கயிறு இழுக்க ஆள் வேண்டுமே? லார்ஸ் கையைத் தூக்கினார். ஆக, என் தொலைதூரக் குறிபார்க்கும் பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தை, கை கட்டப்பட்டு, குழிக்குள், என் பையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தேன். தலைக்கு மேலே முதல் தோட்டா போனது.

“இதுதான் உங்கள் பொழுதுபோக்கா?” என்றார் லார்ஸ்.

“இல்லை. மத்தியானத் தூக்கம்.”

தலையாட்டினார். இரண்டாவது தோட்டா. “கம்பெனியில் எவ்வளவு அடைத்திருக்கிறீர்கள்?”

“ஒரு அடுக்கு. இப்போது மாடியில் இருக்கும். மேலே துணி போட்டு மூடியிருக்கும்.”

தொழில் விஷயத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது. மீதி எட்டுத் தோட்டாவுக்கும் நாங்கள் இருவரும் மேலே அண்ணாந்து, ஒன்றொன்றாக வெளிச்சம் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் தாழ்ந்து காற்று ஏறிவிட்டது. காற்றின் போக்கைப் பார்க்க நட்டிருந்த கொடி படபடவென்று அடித்தது. ஒவ்வொரு ஓட்டையும் நடுவை விட்டுக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி விழுந்தது. காலையிலும் இல்லை, மத்தியானத்திலும் இல்லை, அந்தக் காற்று. நான் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

எண்பத்தேழு. பல் டாக்டருக்கு எண்பத்தெட்டு.

பழைய அட்டையில் ஏழு தோட்டாவுக்கு அறுபத்தாறு. கிழிந்த மூன்றும் சுமாராகப் பட்டிருந்தாலே அவள் ஜெயித்திருப்பாள். எல்லாரும் கணக்குத் தெரிந்தவர்கள். துப்பாக்கி டாக்டரோடு போனது. ஜூனியர் பிரிவில் நஸ்ரினின் கடைசி வருஷம் வேப்பமரத்தடியிலேயே முடிந்தது. உமர் பாய் என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார். அந்தத் துண்டை மடித்து மறுபடி மூட்டையிலேயே போட்டுக்கொண்டார்.

லார்ஸ் ஆர்டரை நிறுத்தவில்லை. மாடிக்கு ஏறி அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு இரண்டு நிபந்தனை மட்டும் போட்டார். கடைசிச் செக்கிங் முழுவதும் சுமதி கையில். செக்கிங் பகுதியில் நான் எந்தப் பீஸையும் கையால் தொடக் கூடாது. என் சொந்தக் கம்பெனியில், நானே வாங்கிப்போட்ட டேபிளுக்குப் பக்கத்தில், தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டுவதென்றால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். புதிதாகச் சேர்கிற பெண்கள் அது முதலாளியின் தோரணை என்று நினைக்கிறார்கள். பழையவர்கள் மத்தியானச் சாப்பாட்டின்போது விவரத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஏழு ஓட்டையும் மூன்று கிழிசலுமான அந்த அட்டை, கண்ணாடிச் சட்டம் போட்டு, செக்கிங் பகுதி ஜன்னலிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. மாட்டியது சுமதி. காலையில் வெயில் வரும்போது ஏழு வெளிச்சப் பொட்டும் மூன்று கிழிசல் வெளிச்சமும் எங்கள் தரையில் விழும்.

இப்போது எங்கள் குடும்பத்தில் நான் எதை நீட்டினாலும் ஒரு சடங்கு நடக்கிறது. மைத்துனனிடம் கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறான். தோசை வார்த்துப் போட்டால் சுமதி பார்க்கிறாள். வேஸ்ட் எடுக்க வருகிற உமர் பாய், மரியாதை குறையாமல், நான் கொடுக்கிற டீ கிளாஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க” என்று குடிக்கிறார்.

அடுத்த வருஷப் பயிற்சியில் நஸ்ரின் முதலாவதாக வந்தாள். தனக்கு ஜோடியாக யாரைப் போடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். மாநிலப் போட்டிக்குப் பெரியவர்கள் பிரிவில் போனாள். பதக்கம் இல்லை, ஜூனியரில் என்றால் கிடைத்திருக்கும் என்று உமர் பாய் சொன்னார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது.

போட்டியன்று சாயங்காலம் என் போனுக்கு நஸ்ரினிடமிருந்து ஒரு படம் வந்தது. போட்டி நடந்த இடத்தின் ஜன்னலில் அட்டையைப் பிடித்து எடுத்திருக்கிறாள். பத்து ஓட்டை. பத்திலும் வெளிச்சம். கீழே ஒரு வரி: “அங்கிள், எண்ணிப் பாத்துக்குங்க. தொட வேண்டாம்.”

எண்ணினேன். ஒன்று மட்டும் வளையக்கோட்டின் மேல் இருப்பது போல் இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று கட்டைவிரலைக் கொண்டுபோனேன்.

“கை, கை” என்றாள் சுமதி, பின்னாலிருந்து.